256 ஏன் 1-க்கு முன்னால் வருகிறது? பெர்க்லி டிபியோடு பதினோரு வருடம்

பெர்க்லி டிபி என்பது நம் நிரலுக்குள்ளேயே ஓடும் தரவுத்தளம். ஒவ்வொரு பதிவையும் கீ என்ற அடையாளத்தோடு வைத்து, கீ வரிசையில் திருப்பித் தரும். போன வாரம் அதைப் பயன்படுத்தும் நண்பர் ஒருவர் தன் திரையைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். 256, 1, 257, 2, 258, 3... "கீ எல்லாம் வரிசையாத்தானே வரணும்? ஃபைல் கெட்டுப்போச்சா?" என்று கேள்வி. பார்த்ததும் சிரித்துவிட்டேன். இதே வரிசையை வைத்துக்கொண்டு ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்தவன் நான்.

என்னுடையது ஓர் உதிரிபாகக் கடையின் பில் நிரல். சி-யில் எழுதியது, பில் எண்தான் கீ. 255 பில் வரை ஒரு குறையும் இல்லை. 256-ஆவது பில் போட்ட அன்று அது பட்டியலின் தலையில் போய் உட்கார்ந்துகொண்டது. கீகளை வரிசையாக வைக்கும் பி-ட்ரீ என்ற மர அமைப்புக்கு எண் என்றால் என்னவென்றே தெரியாது. கொடுப்பதை முதலிலிருந்து பைட் பைட்டாக ஒப்பிடும், அவ்வளவுதான். நம் இன்டெல் மெஷினோ எண்ணின் கடைசி பைட்டை முதலில் எழுதும். 1 என்பது 01 00 00 00, 256 என்பது 00 01 00 00. முதல் பைட்டிலேயே 256 சின்னதாகிவிடுகிறது.

கையேட்டில் இது எழுதியே இருக்கிறது. படிக்காதது என் தப்பு. ஆனாலும், முழு எண்ணைக் கீயாக வைக்காத ஆள் யார் இருக்கிறார்கள்? இதே மாதிரி இன்னொரு தரவுத்தளமான எல்எம்டிபியில் இதற்கென்றே ஒரு கொடி (ஃப்ளாக்) இருக்கிறது. இங்கே ஒன்று, ஒப்பிடும் ஃபங்ஷனை நாமே எழுதித் தர வேண்டும். அல்லது சேமிக்கும்போதே பைட்டுகளைத் திருப்பிப் போட வேண்டும். நான் திருப்பித்தான் போட்டேன். அதில் ஒரு லாபமும் கிடைத்தது. புதுப் பில் எல்லாம் மரத்தின் வலது ஓரத்திலேயே சேர்வதால் ஃபைலின் பக்கங்கள் (பதிவுகளை வைக்கும் துண்டுகள்) நன்றாக நிரம்பின.

இரண்டாவது அடி பாயிண்டரில், அதாவது நினைவக முகவரியில் விழுந்தது. பதிவு பதிவாக நகரும் கர்சர் தந்த கீயின் முகவரியை மட்டும் ஒரு அரேயில் சேர்த்துவைத்து, கடைசியில் அச்சிட்டேன். 200 வரி, அத்தனையும் ஒரே பில் எண்! அடுத்த முறை நகர்த்தும்வரைதான் அந்த இடம் நமக்குச் சொந்தம். வேண்டுமானால் உடனே நகல் எடுத்துக்கொள்ள வேண்டும். கீயையும் டேட்டாவையும் கொடுத்து வாங்கும் டிபிடி என்ற அமைப்பை மெம்செட் போட்டுப் பூஜ்யமாக்க மறந்த கதையைச் சொல்ல ஆரம்பித்தால் இன்னும் ரெண்டு பக்கம் போகும்.

சரி, பிடித்ததைச் சொல்லாவிட்டால் பாவம். கீ மட்டும் போதும், பில்லின் உள்ளடக்கம் வேண்டாம் என்றால், டேட்டாவுக்கான டிபிடி-யில் டிபி_டிபிடி_பார்ஷியல் கொடியைப் போட்டு நீளத்தைப் பூஜ்யமாக வைத்தால் போதும். பிறகு டிபி_நெக்ஸ்ட் என்று அடுத்தடுத்த கீக்குத் தள்ளிக்கொண்டே போகலாம். என் பில்கள் பெரியவை. தனிப் பக்கங்களில் கிடக்கும். அந்தப் பக்கங்களை அது தொடுவதே இல்லை. முதல் முறை ஓட்டியபோது, நிரல் பாதியில் நின்றுவிட்டதோ என்று எண்ணிக்கையைச் சரிபார்த்தேன். அவ்வளவு வேகம். நடுவிலிருந்து தொடங்க டிபி_செட்_ரேஞ்ச்: 5000 என்று கேட்டு, அந்தப் பில் ரத்தாகியிருந்தால் 5001-இல் கொண்டுபோய் நிறுத்தும். இத்தனை வருடத்தில் இந்த ரெண்டும் ஒரு நாளும் என்னைக் கைவிட்டதில்லை.

அப்படியானால் நீங்களும் பயன்படுத்தலாமா என்றால், வேண்டாம். புதிதாக எழுதுகிறவர் இதைத் தொட வேண்டியதில்லை. 2006-இல் ஆரக்கிள் வாங்கியது, 2013-இல் 6.0 பதிப்போடு உரிமம் கடுமையான ஏஜிபிஎல் ஆனது. அதனால் டெபியன் லினக்ஸ் 5.3-லேயே நின்றுவிட்டது, நானும்தான். நண்பரை எல்எம்டிபிக்குப் போகச் சொன்னேன். அதிலும் ஃபைலின் உச்ச அளவை முன்கூட்டியே சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் 10 எம்பியில் நின்றுவிடும் என்றும் சேர்த்தே சொன்னேன். அவர் கேட்கவில்லை. பைட்டைத் திருப்பிப் போட்டுவிட்டு, "வரிசையா வருது, நன்றி" என்று செய்தி அனுப்பினார்.

நேற்று மறுபடியும் ஒரு படம். திரும்பி வந்த சரக்குக்கு அவர் மைனஸ் எண் கொடுக்கிறாராம். -1 பட்டியலின் கடைசியில், எல்லாப் பில்லுக்கும் கீழே நிற்கிறது. மைனஸ் எண்ணின் முதல் பிட் 1, பைட்டாக ஒப்பிட்டால் அதுதான் பெரியது; எல்லா எண்ணிலும் முதல் பிட்டையும் புரட்டிப் போடுங்கள் என்று பதில் எழுதிவிட்டு, ஃபோனை சைலன்ட்டில் போட்டேன்.