கிரீன்விச்சா, பாஜி கோயனா?

ஒலிம்பிக் குதிரையேற்றத்துக்குத் தற்காலிக அரங்கு போதுமா, நிரந்தரமாகவே கட்டிவிடலாமா? 2012 லண்டனையும் 2021இல் நடந்த டோக்கியோ போட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

லண்டன் தேர்ந்தெடுத்தது கிரீன்விச் பூங்கா. பழைய அரச பூங்கா, மரத்தின் மேல் கைவைக்க முடியாது, தரையும் சரிவு. அதனால் தாங்கு கால்களை நிறுத்தி, அவற்றின் மேல் மேடை போட்டு, அதில் மணல் பரப்பினார்கள். குதிரை ஓடும்போது மேடை ‘தொம்’மென்று அதிர்ந்தால் அது மிரளும், நார் கலந்த மணல் சரியான இறுக்கத்தில் இருந்தால்தான் காலுக்கும் நல்லது. இவ்வளவும் சில நாள் போட்டிக்கு, அப்புறம் பிரித்தெடுத்துப் புல்லையும் பழையபடி வளர்க்க வேண்டும். ஆனால் மூன்று பிரிவுகளும் (குதிரையை நளினமாக நடத்திக் காட்டும் டிரெசாஜ், தடை தாண்டல், இவ்விரண்டோடு கிராஸ்-கன்ட்ரியும் சேர்ந்த ஈவென்டிங்) ஒரே இடத்தில், நகருக்குள்ளேயே நடந்தன.

டோக்கியோ தேர்ந்தெடுத்த பாஜி கோயன் என்ற குதிரையேற்றப் பூங்கா, 1964 ஒலிம்பிக்கிலேயே டிரெசாஜ் நடந்த இடம். அதைப் புதுப்பித்தார்கள், போட்டி முடிந்தபின்னும் குதிரைகளுக்குப் பயன்படுகிறது. ஆனால் திறந்தவெளியில் தடைகளைத் தாண்டி நெடுந்தூரம் ஓடும் கிராஸ்-கன்ட்ரிக்கு அங்கே இடமில்லை. கடலோரத்தில் குப்பை கொட்டி உருவாக்கிய நிலத்துக்குக் குதிரைகளை ஏற்றிச் செல்ல வேண்டியிருந்தது. வெயில் வேறு! டிரெசாஜை மாலையில், விளக்கொளியில் நடத்தினார்கள்.

குதிரையேற்றம் ஏற்கெனவே வேரூன்றிய நகரம் என்றால் நான் பாஜி கோயன் வழியைச் சொல்வேன். இல்லாத ஊரில் நிரந்தர லாயம் கட்டினால், பிறகு அதில் யார் குதிரை கட்டுவது?