மின்சுற்றுக்கு நூறு, அணுவுக்கு முட்டை

ஊட்டி சேரிங் கிராஸ் பக்கம் மகளின் நீட் தேர்வுக்காக வாங்கிய இயற்பியல் வினாத்தொகுப்பு இது. மின்சுற்றுப் பகுதி அருமை. நான்கு மின்தடைகளும் அவற்றை இணைக்கும் நடு மின்தடையும் கொண்ட வீட்ஸ்டன் சமனச் சுற்றைக் கோணல்மாணலாக வரைந்திருக்கிறார்கள். நாமே திருப்பி வரைந்தால்தான் நடு மின்தடையில் மின்னோட்டமே இல்லை என்பது புலப்படும். பிறகு சுற்றின் ஒவ்வொரு கிளைக்கும் சமன்பாடு எழுத வைக்கும் கிர்க்காஃப் விதியோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

அணுவில்தான் கோட்டை விட்டுவிட்டார்கள். ஹைட்ரஜன் எலக்ட்ரான் இரண்டாம் ஆற்றல் மட்டத்திலிருந்து முதலாவதற்கு இறங்கினால் வெளிப்படுவது 10.2 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல். விடைப் பக்கத்தில் 3.4! முதல் மட்டத்துக்குரிய 13.6-ஐ நான்கால் வகுத்து இரண்டாம் மட்டத்துக்குரிய 3.4-ஐக் கண்ட புண்ணியவான், அதை 13.6-இலிருந்து கழிக்க மறந்துவிட்டார் போலும். தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் பறிபோகும் தேர்வுக்கு இப்படியா? இந்தப் பகுதிக்கு பிளஸ் டூ பாடநூலே போதும்.

தாளும் தரமில்லை, கோத்தகிரி ஈரத்தில் ஓரமெல்லாம் சுருண்டுவிட்டது.