பெரிய மாடல் விமான எஞ்சின்களுக்கு எரிபொருள் தேர்வும் கலவையும்: ஒன்பது ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

ஒன்பது ஆண்டுகளாக மூன்று எஞ்சின்களை வைத்துப் பறக்கவிட்டு வருகிறேன். முதலில் வாங்கியது 30 சிசி மெத்தனால் எஞ்சின். அடுத்து 55 சிசி ஒற்றை சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். நான்கு ஆண்டுகளாக 120 சிசி இரட்டை சிலிண்டரும் சேர்ந்திருக்கிறது. ஒவ்வொரு முறை எரிபொருள் கலக்கும்போதும் நாள், அளவு, ஆயிலின் பெயர், அன்றைய ஊசித் திருப்பம் (கார்புரேட்டரில் எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் திருகின் நிலை) ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். பெரிய எஞ்சின் வாங்கும் எவரும் முதலில் கேட்பது "எத்தனைக்கு ஒன்று ஆயில் கலக்க வேண்டும்?" என்பதைத்தான். அந்த நோட்டைத் திரும்பப் புரட்டும்போது, எனக்குத் தொல்லை தந்தவற்றில் பெரும்பாலானவை ஆயில் விகிதத்தால் வந்தவை அல்ல, பெட்ரோலின் தன்மையாலும் வயதாலும் வந்தவை என்பது தெரிகிறது.

மெத்தனால் எஞ்சினைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதன் எரிபொருளில் மெத்தனால், நைட்ரோமீத்தேன், ஆயில் என்று மூன்று சரக்குகள் உண்டு. கலவையைப் பற்றவைக்கும் கிளோ பிளக்கின் பிளாட்டினக் கம்பி மெத்தனால் ஆவியோடு வினைபுரிந்து சூட்டைத் தக்கவைத்துக் கொள்வதால்தான், எஞ்சின் ஓடத் தொடங்கிய பின் பேட்டரியைக் கழற்றிவிட முடிகிறது. 30 சிசி அளவுக்கு 10 சதவீத நைட்ரோவும் 18 சதவீத ஆயிலும் எனக்குப் போதுமானதாக இருந்தன. 15 சதவீத நைட்ரோவில் ஐடில் (மிகக் குறைந்த வேக ஓட்டம்) இன்னும் நிதானமாக இருந்தது உண்மைதான். ஆனால் பெரிய புரொப்பெல்லரை மெதுவாகச் சுற்றும் எஞ்சினுக்கு அதற்கு மேல் நைட்ரோ தேவைப்படவில்லை. ஆயிலில் ஒரு பங்கு விளக்கெண்ணெயும் மூன்று பங்கு செயற்கை ஆயிலும் வைத்தேன். கலவை லீன் ஆகி, அதாவது காற்றுக்கு எரிபொருள் குறைந்து, எஞ்சின் சூடேறும்போது கடைசிவரை உலோகத்தில் ஒட்டி நிற்பது விளக்கெண்ணெய். அதே குணத்தால் பிஸ்டனிலும் மஃப்ளரிலும் பழுப்பு வார்னிஷாகப் படிவதும் அதுதான். முதல் உலகப் போர்க் காலத்து ரோட்டரி விமான எஞ்சின்களுக்கும் விளக்கெண்ணெய்தான் ஊற்றினார்கள், அது பெட்ரோலில் எளிதில் கரையாது என்பதற்காகவே. அதே காரணத்தால் மெத்தனாலுக்கென்று வைத்திருக்கும் ஆயிலை எடுத்துப் பெட்ரோலில் கலக்கக் கூடாது. கேனின் அடியில் அது தனியாகப் பிரிந்து தங்கிவிடும்.

மெத்தனாலில் இருந்து நான் விலகியதற்கு முதல் காரணம் செலவாகும் அளவு. ஒரு கிலோ மெத்தனால் எரிய ஏறக்குறைய 6.5 கிலோ காற்று போதும். ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ வேண்டும். உள்ளே போகும் காற்று அதே அளவுதான் என்பதால் மெத்தனால் இரு மடங்குக்கும் மேல் போக வேண்டியிருக்கிறது. 30 சிசி மெத்தனால் எஞ்சின் குடித்த அளவையும் 55 சிசி பெட்ரோல் எஞ்சின் குடித்த அளவையும் ஒப்பிட்டால், சிறிய எஞ்சின்தான் அதிகம் குடித்திருக்கிறது. 55 சிசிக்கு அரை லிட்டர் டேங்க் 14, 15 நிமிடப் பறத்தலுக்குத் தாராளமாக வருகிறது. மெத்தனால் தோல் வழியாகவும் உடலுக்குள் போகும், கண் பார்வையைப் பறிக்கும், பகல் வெளிச்சத்தில் அது எரியும் தீ கண்ணுக்கே தெரியாது என்பதையும் இதோடு சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும்.

இனி பெட்ரோல். ஆயில் விகிதத்தில் எஞ்சினோடு வந்த கையேடு சொல்வதைத்தான் பின்பற்றுகிறேன். என் 55 சிசிக்கு முதல் பத்து லிட்டர் வரை மினரல் ஆயிலில் 30:1, அதன் பின் செயற்கை ஆயிலில் 40:1 என்று ஓட்டினேன். 40:1 என்றால் லிட்டருக்கு 25 மில்லி. ஐந்து லிட்டர் கேனுக்கு 125 மில்லி. 32:1 என்றால் லிட்டருக்கு 31 மில்லியும் சொச்சமும். 50:1 என்றால் 20 மில்லி. ஆயில் பாட்டிலின் மூடியால் அளக்காமல், 60 மில்லி ஊசிக்குழலால் உறிஞ்சி அளந்து ஊற்றுகிறேன். கேனில் முதலில் பாதிப் பெட்ரோல், அதன் மேல் ஆயில், நன்றாகக் குலுக்கல், பிறகு மீதிப் பெட்ரோல், மறுபடியும் குலுக்கல் என்பது என் வரிசை. ஆயிலை மட்டும் முதலில் ஊற்றினால் அது அடியில் மூலையில் படிந்து, குளிர்ந்த நாளில் கரைய நேரமாகிறது.

ஆயில் வாங்கும்போது நான் பார்ப்பது பாட்டிலின் பின்புறத்தில் உள்ள தர முத்திரையை. காற்றால் குளிரும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்களுக்கான ஜாஸோ எஃப்டி அல்லது ஐஎஸ்ஓ ஈஜிடி என்று இருந்தால் கரி குறைவாகப் படியும். டிசி-டபிள்யூ3 என்ற முத்திரை தண்ணீரால் குளிரும் படகு எஞ்சின்களுக்கானது. அதுவும் டூ-ஸ்ட்ரோக் ஆயில்தானே என்று ஊற்றிவிடக் கூடாது. கார் எஞ்சின் ஆயிலை இங்கே நினைத்தே பார்க்க வேண்டாம். அதில் உள்ள உலோகச் சேர்மானங்கள் எரிந்து சாம்பலாகிப் பிளக்கின் முனையில் ஒட்டிக்கொள்ளும். 180 பறத்தல்களுக்குப் பிறகு 55 சிசியின் மஃப்ளரைக் கழற்றி எக்ஸாஸ்ட் வாயில் வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன். பிஸ்டனின் பக்கவாட்டில் தேன் நிறத்தில் மெல்லிய ஈரப்படலம் இருந்தது. ரிங்கை மரக்குச்சியால் அழுத்தினால் பள்ளத்துக்குள் தடையின்றி உள்வாங்கி வெளியே வந்தது. அதைப் பார்த்த பின் ஆயிலையும் விகிதத்தையும் மாற்ற வேண்டும் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை.

ஆயிலைக் கூட்டினால் எஞ்சின் "ரிச்" ஆகும், அதாவது காற்றுக்கு எரிபொருள் கூடும் என்று பலரும் நம்புகிறார்கள். உண்மை அதற்கு எதிர்ப்பக்கம். ஊசித் துளை வழியாகப் போகும் மொத்தத் திரவத்தில் ஆயில் கூடினால் பெட்ரோல் குறைகிறது. ஆகவே கலவை லீன் ஆகிறது. ஆனால் எவ்வளவு? 50:1 கலவையில் பெட்ரோலின் பங்கு 98 சதவீதம். 32:1 கலவையில் ஏறக்குறைய 97. வித்தியாசம் ஒரு சதவீதம். ஆயில் கூடினால் திரவம் சற்றுக் கெட்டியாவதையும் சேர்த்துக்கொண்டாலும், ஊசியைச் சிறிதளவு திருப்பினால் சரியாகிவிடும்.

இப்போது பெட்ரோலில் எத்தனால் இருந்தால் என்ன ஆகிறது என்று பாருங்கள். எத்தனால் தனக்குள் ஆக்சிஜனை வைத்திருப்பதால் கிலோவுக்கு 9 கிலோ காற்றே அதற்குப் போதும். 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்குத் தேவையான காற்று 14.7இல் இருந்து 14.1 ஆக இறங்குகிறது. அதாவது எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு ஊசியைச் சரிசெய்துவிட்டு, அடுத்த முறை எத்தனால் கலந்த பெட்ரோலை ஊற்றினால், எஞ்சின் ஏறக்குறைய நான்கு சதவீதம் லீன் ஆகிவிடுகிறது. 20 சதவீத எத்தனால் என்றால் இது எட்டு சதவீதத்தை எட்டும். ஆயில் விகிதத்தில் ஒரு சதவீதத்துக்காக மணிக்கணக்கில் வாதாடும் நாம், அதைப் போல நான்கு மடங்கு, எட்டு மடங்கு மாற்றத்தைக் கவனிக்காமல் கேனில் பிடித்து வருகிறோம். காற்றால் மட்டுமே குளிரும் எஞ்சினுக்கு, அதுவும் கவுலிங் என்னும் எஞ்சின் மூடிக்குள் அடைபட்டிருக்கும் எஞ்சினுக்கு, இது சிறிய விஷயம் அல்ல.

ஆகவே புதிதாகப் பெட்ரோல் வாங்கும்போதெல்லாம் ஒரு சோதனை செய்கிறேன். 100 மில்லி அளவுள்ள, மூடி போட்ட கண்ணாடி அளவுக் குழாயில் முதலில் 10 மில்லி தண்ணீர், அதன் மேல் 100 கோடு வரை பெட்ரோல். ஒரு நிமிடம் குலுக்கி, அழுத்தத்தை மெல்லத் திறந்து விட்டு, அசையாமல் வைத்துவிட வேண்டும். பால் போலக் கலங்கியது பத்து நிமிடத்தில் தெளிந்து, இரண்டு அடுக்குகளுக்கு நடுவே கூர்மையான கோடு ஒன்று விழும். கோடு 10இலேயே நின்றால் எத்தனால் இல்லை. 19ஐ ஒட்டி ஏறியிருந்தால் அந்த 9 மில்லியும் பெட்ரோலில் இருந்து தண்ணீருக்குள் இறங்கிய எத்தனால். எத்தனாலைத் தண்ணீரால் கழுவி எடுத்துவிட்டு மேலே மிஞ்சும் பெட்ரோலை ஊற்றுகிறவர்களும் உண்டு. நான் அதைச் செய்வதில்லை. எத்தனாலோடு ஆக்டேனும் (தட்டாமல் எரியும் திறன்) போய்விடுகிறது, கொஞ்சம் ஈரமும் பின்னால் தங்கிவிடுகிறது.

எத்தனால் செய்யும் தீங்கு காற்று விகிதத்தோடு முடிவதில்லை. மூன்றாம் ஆண்டில் 55 சிசி விமானத்தை டேங்கில் பாதி எரிபொருளோடு நான்கு மாதம் தொங்கவிட்டிருந்தேன். தவறு முழுவதும் என்னுடையது. மீண்டும் எடுத்தபோது புரொப்பெல்லரை ஐந்தாவது முறை கையால் தட்டியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது, ஐடிலும் நன்றாக இருந்தது. நேர் மேலாக ஏற்றியபோது சத்தம் திடீரெனக் கூர்மையாகி, ஒரு நொடி உச்சத்தில் அலறிவிட்டு, நின்றுவிட்டது. எஞ்சின் இல்லாமல் வளைத்துத் தரையிறக்கியதில் ஒரு பக்கச் சக்கரக் கால் வளைந்தது, அதோடு தப்பித்தேன். வீட்டில் கார்புரேட்டரைப் பிரித்தேன். வால்ப்ரோ வகைக் கார்புரேட்டரில், கிராங்க்கேஸின் அழுத்தத் துடிப்பால் ஆடி எரிபொருளை இழுக்கும் பம்ப் டயாஃப்ரம் ஒன்றும், அளந்து விடும் டயாஃப்ரம் ஒன்றும் உண்டு. புதிதாக இருக்கும்போது இவை விரலில் துணி போல வளையும். நான் வெளியே எடுத்தது, காய்ந்த வாழைமட்டை போல மொடமொடத்தது. பம்ப் டயாஃப்ரமின் சிறு நாக்குகள் நுனியில் சுருண்டு, மூட வேண்டிய துளையை மூடாமல் நின்றன. ஐடிலுக்கு அந்தப் பம்ப் போதும். முழு த்ராட்டிலில் எஞ்சின் கேட்பதை அதனால் தர முடியவில்லை.

எத்தனால் ஈரத்தை உறிஞ்சும் என்பது தனித் தொல்லை. 10 சதவீத எத்தனால் பெட்ரோல் ஏறக்குறைய அரை சதவீதம் தண்ணீர் வரை தாங்கும். அதற்கு மேல் போனால், அல்லது அந்த எல்லையில் இருக்கும்போது குளிர்ந்தால், எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து அடியில் தனி அடுக்காக இறங்கிவிடும். ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். டேங்கின் அடியில் கிடக்கும் கிளங்க் (எரிபொருள் குழாயின் நுனியில் உள்ள எடை) முதலில் உறிஞ்சுவது ஆயில் இல்லாத அந்த அடுக்கைத்தான். அதனால் கேனைத் திறந்ததும் கொஞ்சத்தைக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி வெளிச்சத்தில் பார்க்காமல் நான் டேங்க் நிரப்புவதில்லை.

எத்தனால் இல்லாத பெட்ரோல் கிடைத்தால் அதைத்தான் வாங்குகிறேன். கிடைக்காத காலங்களில் எத்தனால் கலந்ததையே ஊற்றி, அதற்கேற்ப ஊசியைத் திறந்து, கலந்த எரிபொருளை முப்பது நாளுக்குள் தீர்த்துவிடுகிறேன். நீண்ட ஓய்வுக்கு முன் டேங்கை முழுவதும் காலி செய்து, எத்தனால் இல்லாத ஆல்கைலேட் பெட்ரோலில் (நீண்ட நாள் கெடாத, சுத்தமான பெட்ரோல் வகை) கலந்த எரிபொருளைக் கால் லிட்டர் ஓட்டி, கார்புரேட்டரில் அதுவே தங்கும்படி நிறுத்துகிறேன். இந்தப் பழக்கத்துக்கு வந்த பின் ஆறு ஆண்டுகளில் டயாஃப்ரத்தை ஒரே ஒரு முறைதான் மாற்றினேன், அதுவும் முன்னெச்சரிக்கையாக.

ஆக்டேனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. இந்த எஞ்சின்களின் கம்ப்ரஷன் குறைவு. சாதாரணப் பெட்ரோலிலும் உயர் ஆக்டேன் பெட்ரோலிலும் 22 அங்குல புரொப்பெல்லரை டேக்கோமீட்டரில் அளந்தபோது இரண்டிலும் 7,000ஐ ஒட்டியே இருந்தது. உயர் ஆக்டேனை நான் வாங்கிய ஒரே காரணம், சில சமயம் எத்தனால் இல்லாமல் கிடைத்தது அது மட்டுமே. 100எல்எல் விமானப் பெட்ரோல் நீண்ட நாள் கெடாமல் இருக்கும். ஆனால் அதில் ஈயம் உண்டு, பிளக்கில் படிவதோடு கைக்கும் மூச்சுக்கும் கேடு. வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

மெத்தனாலில் இருந்து பெட்ரோலுக்கு மாறுகிறவர்கள் டேங்குக்குள் இருப்பதையும் மாற்ற வேண்டும். மெத்தனாலுக்குப் பயன்படும் சிலிக்கான் குழாய் பெட்ரோலில் ஊறி, ஒரே வாரத்தில் பருத்துத் தளர்ந்துவிடும். டேங்க் ரப்பர் அடைப்பானும் அப்படித்தான். குழாய்க்கு டைகான் என்ற பெட்ரோல் தாங்கும் பிளாஸ்டிக், அடைப்பானுக்குப் பெட்ரோலுக்கென்றே செய்தது, கிளங்க்குக்கு ஃபெல்ட் வடிகட்டி என்று நான் வைத்திருக்கிறேன். டைகானும் ஆண்டுக்கொரு முறை மஞ்சளித்து விறைப்பாகும். டேங்குக்குள் இருக்கும் துண்டை அப்போது மாற்றிவிடுகிறேன்.

கேனில் பெட்ரோல் பிடிக்கும்போது கேன் தரையில் இருக்க வேண்டும். வண்டியின் பிளாஸ்டிக் விரிப்பின் மேல் வைத்துப் பிடித்தால் நிலைமின்சாரம் தரைக்கு இறங்க வழியில்லை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தாழ்வான இடத்தில் தேங்கி நிற்கும் என்பதால் கலப்பதைத் திறந்த வெளியில்தான் செய்கிறேன்.

புதிய கேனைத் திறந்த நாளில் முதல் பறத்தலுக்கு முன் ஊசியைச் சரிபார்த்தே தீருவேன். முழு த்ராட்டிலில் உச்ச ஆர்பிஎம்மைப் பிடித்து, அங்கிருந்து உயர்வேக ஊசியைத் திறந்து 200 ஆர்பிஎம் இறக்கி வைக்கிறேன். மூன்று பறத்தல்களுக்குப் பின் பிளக்கைக் கழற்றினால் பீங்கான் இளம்பழுப்பாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் அன்று பறத்தலை நிறுத்திவிட்டு, முதலில் அந்தக் கேனின் பெட்ரோலை அளவுக் குழாயில் ஊற்றிப் பார்க்கிறேன். கேனின் மேல் ஒட்டிய தாளில் கலந்த நாள், விகிதம், எத்தனால் சதவீதம் மூன்றும் இருக்கும். சென்ற மாதம் ஒட்டிய தாளில் "40:1, எத்தனால் 9" என்று எழுதியிருக்கிறது, அதற்கு உயர்வேக ஊசி முந்தைய கேனைவிட அரைக்கால் சுற்று திறந்திருக்கிறது.