டிப்ளோமாவா, பட்டமா: சிசு தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போக விரும்பும் மலையகப் பிள்ளைகளுக்கு

உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் சித்தியடைந்த பிள்ளை, சிசு தீவிர சிகிச்சைப் பிரிவில் தாதியாக விரும்பினால், பெரும்பாலும் இரண்டு வழிகளுக்கிடையே தடுமாறுவார்: சுகாதார அமைச்சின் தாதியர் பயிற்சிக் கல்லூரியில் மூன்றாண்டு டிப்ளோமா, அல்லது பேராதனை போன்ற பல்கலைக்கழகத்தில் நான்காண்டுத் தாதியியல் பட்டம். நான் டிப்ளோமா வழியில் வந்தவள். இன்றும் அதையே பரிந்துரைப்பேன்.

அனுமதி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பட்டத்துக்கு, உயர்தரப் பெறுபேற்றைக் கொண்டு கணிக்கப்படும் இசட் புள்ளி போதுமானதாக இருக்க வேண்டும். நுவரெலியாவுக்கும் பதுளைக்கும் பின்தங்கிய மாவட்ட ஒதுக்கீடு உண்டு. டிப்ளோமாவுக்கு வர்த்தமானி அறிவித்தலைப் பார்த்து விண்ணப்பிக்க வேண்டும். பயிற்சிக் காலத்தில் கிடைக்கும் கொடுப்பனவு, அம்மா கொழுந்தெடுத்த சம்பளத்தில் படித்த எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது பணமன்று. இரண்டு வழிகளும் பொதுத் தாதியைத்தான் உருவாக்குகின்றன. குறைமாதக் குழந்தையைப் பார்க்கும் கை, பிரிவுக்குள் மூத்த தாதியின் பக்கத்தில் நின்றே பழக வேண்டும். நான் பொறுப்பேற்ற முதற் குழந்தையின் எடை 900 கிராம். கிலோவுக்கு 80 மில்லிலீற்றர் என்ற கணக்கில் நாளுக்கு 72, அதாவது மணிக்கு வெறும் 3 மில்லிலீற்றர் திரவம். அந்த அளவில் சிறு பிழையும் பெரும் பிழை. ஒட்சிசன் குறைந்தால் மூளைக்கு ஆபத்து, கூடினால் விழித்திரைக்கு ஆபத்து என்பதைப் பாடமாகப் படித்திருந்தேன். அலாரம் ஒலிக்கும்போது திரையைப் பார்ப்பதற்கு முன் குழந்தையின் நிறத்தையும் நெஞ்சு அசைவையும் பார்க்க வேண்டும் என்பதை அங்கேதான் பழகினேன். அந்தப் பழக்கத்தை ஓராண்டு முந்தித் தொடங்க முடிவதே டிப்ளோமாவின் பலம். ஆட்சேர்ப்புத் தாமதமாகும் காலங்களில் இந்தக் கணக்கு மாறலாம்.

பட்டதாரிகள் ஒரு சிகிச்சையின் காரணத்தை ஆய்வுக் கட்டுரை வரை தேடிச் செல்வதைக் கண்டு மதித்திருக்கிறேன். விரிவுரையாளராக எண்ணுபவருக்குப் பட்டமே பொருந்தும். வெளிநாட்டு வேலையில் எனக்கு அனுபவமில்லை என்பதால், அதைப் பற்றி அங்கு சென்றவர்களிடம் கேட்பதே நல்லது. தனியார் பயிற்சியை நாடுபவர்கள், பணம் கட்டுமுன் அந்தச் சான்றிதழுக்கு இலங்கைத் தாதியர் பேரவையில் பதிவு கிடைக்குமா என்று விசாரிக்க வேண்டும்.

எவ்வழியில் சென்றாலும், நியமனம் கிடைத்தவுடன் சிசுப் பிரிவில் பணியாற்றும் விருப்பத்தை மேட்ரனிடம் (தலைமைத் தாதியிடம்) எழுத்தில் கொடுங்கள். கேட்காதவர்களை வேறு வார்ட்டுக்கு அனுப்பிவிடுவது வழக்கம்.