மேலே போய் வந்த காற்றை எது காட்டிக்கொடுக்கும்?

பொள்ளாச்சியில் எங்கள் தென்னந்தோப்பில் உட்கார்ந்திருந்தபோது அக்கா மகள் கேட்டாள். "ஓசோன் இருக்கிற உயரத்துக்குப் போயிட்டு வந்த காத்துக்கு ஏதாச்சும் அடையாளம் இருக்குங்களா மாமா?" இருக்கிறது. ஒன்றல்ல, பல. ஆனால் எல்லாம் ஒரே கேள்விக்குப் பதில் சொல்வதில்லை.

முதலில் எஸ்.எஃப்.6, அதாவது சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளூரைடு. துணை மின் நிலையத்தில் வேலை பார்ப்பவர்களுக்குப் பழக்கமான பெயர். மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கருக்குள் அடைக்கும் வாயு. கசிந்து காற்றில் கலந்தால் எளிதில் அழியாது, வருடா வருடம் அளவு கூடிக்கொண்டே வருகிறது. அதனால் மேலே பிடித்த காற்றில் அது எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தால், அந்தக் காற்று தரையை விட்டுக் கிளம்பி எத்தனை வருடம் ஆயிற்று என்று கணக்குப் போடலாம். நல்ல கடிகாரம்தான். போன இடத்தில் என்ன வேதிவினை நடந்தது என்று கேட்டால் மட்டும் வாய் திறக்காது.

நைட்ரஸ் ஆக்சைடு கொஞ்சம் பேசும். உரம் போட்ட மண்ணிலிருந்தும் கிளம்பும் இந்த வாயு கீழே அழிவதில்லை. ஓசோன் இருக்கும் மேல்வளி அடுக்கான ஸ்ட்ராடோஸ்பியரில் புற ஊதாக் கதிர் பட்டுத்தான் பெரும்பாலும் உடைகிறது. குறைந்திருந்தால் அந்தக் காற்று மேலே வெயில் பட்டது என்று அர்த்தம். ஆனால் உடைந்தது போய்விடுகிறது. மிச்சத்தை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும்.

எனக்குப் பிடித்தது கார்பன் டை ஆக்சைடுக்குள் இருக்கும் ஆக்ஸிஜன். அதிலும் இரண்டு வழி. சாதாரண ஆக்ஸிஜன் அணுவின் எடை 16. அதோடு கொஞ்சம் கனமான 18 இருக்கும், ஆயிரத்தில் இரண்டு என்ற கணக்கில். 17 அதைவிட அரிது, பத்தாயிரத்தில் நான்குதான். 18ஐ மட்டும் அளப்பது சுலபம். ஆனால் அதை நம்பி மேல்வளி வேதியியல் பேச முடியாது. தென்னை ஓலை மூச்சு விட்டாலும் 18 மாறும், ஈரமண் மாற்றும், கடல் மாற்றும், ஓசோனும் மாற்றும். எது மாற்றியது என்று எப்படிப் பிரிப்பது?

திருப்பூரில் சாயப்பட்டறை லேபில் இருப்பதால் எனக்கு இது சட்டென்று பிடிபட்டது. நாங்கள் சாயம் போட்டுப் பார்த்த மாதிரித் துணியையும் (லேப் டிப்) பார்ட்டி கொடுத்த துணியையும் லைட் பாக்ஸில் கடை விளக்கின் கீழ் வைத்தால் ஒரே நீலம். சுவிட்சைத் தட்டி பகல் வெளிச்ச விளக்குக்கு மாற்றினால் ஒன்று சிவப்போடிப் போய் நிற்கும். சாயக் கலவை வேறு என்பது இரண்டாவது விளக்கில்தான் தெரியும். 18 முதல் விளக்கு, 17 இரண்டாவது.

பூமியில் ஆக்ஸிஜன் மாறும் பெரும்பாலான வழிகளில் எடை வித்தியாசம்தான் கணக்கு. 18 பத்துப் பங்கு ஏறினால் 17 ஐந்து பங்கு சொச்சம் ஏறும். இலையானாலும் கடலானாலும் இந்த விகிதம் பெரிதாக நகராது. ஓசோன் உருவாகும்போது மட்டும் இது உடைகிறது: இரண்டும் ஏறக்குறைய சமமாக ஏறுகின்றன. 1983இல் தீமன்ஸ், ஹைடன்ரைக் என்ற இரண்டு விஞ்ஞானிகள் ஆய்வுக்கூடத்தில் ஓசோன் தயாரித்து இதைக் காட்டினார்கள். அந்த ஓசோனைப் புற ஊதா உடைக்கும்போது துடிப்பான ஓர் ஆக்ஸிஜன் அணு வெளியேறுகிறது. அது கார்பன் டை ஆக்சைடில் மோதி, ஒரு நொடிக்கும் மிகக் குறைவான நேரம் மூன்று ஆக்ஸிஜனோடு இருந்து, ஏதோ ஒன்றை விட்டுவிட்டுப் பிரிகிறது. ஓசோனின் முத்திரை இப்படிக் கைமாறுகிறது. 1991இல் யுங், டீமோர், பின்டோ என்ற விஞ்ஞானிகள் முன்வைத்த விளக்கம் இது. பலூனில் பிடித்த காற்றை அளந்து 2002இல் வெளியான முடிவில், 18 பத்து ஏறும்போது 17 பதினேழு ஏறியிருந்தது. ஐந்துக்கும் பதினேழுக்கும் நடுவில் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

சிரமம் அளப்பதில். மூலக்கூறுகளை எடைவாரியாகப் பிரிக்கும் நிறை நிறமாலைமானியில், கொஞ்சம் கனமான கார்பனான கார்பன் 13 கொண்ட மூலக்கூறும் ஆக்ஸிஜன் 17 கொண்டதும் ஒரே 45 எடையில் வந்து விழும். அந்த 45இல் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் கார்பன் 13தான். நமக்கு வேண்டியது மீதி ஏழு சதவீதம் சொச்சத்தில் ஒளிந்திருக்கும். அதனால் சூடான பிளாட்டினத்தின் மேல் ஆக்ஸிஜன் வாயுவோடு சேர்த்துப் பரிமாற விட்டு, அந்த ஆக்ஸிஜனை அளக்கிறார்கள். இப்போது லேசர் முறையும் வந்துவிட்டது. செலவும் பொறுமையும் அதிகம், ஒப்புக்கொள்கிறேன். காற்றின் வயது மட்டும் போதுமென்றால் எஸ்.எஃப்.6ஐயே அளந்துகொள்ளுங்கள். வேதியியல் வேண்டுமென்றால் 17ஐத் தவிர வேறு வழியில்லை என்பேன்.

"அப்ப நம்ம தோப்புல காத்தைப் பிடிச்சா அது தெரியுங்களா?" என்றாள்.

மிகக் கொஞ்சமாகத்தான். ஓலைக்குள் போகும் கார்பன் டை ஆக்சைடில் மூன்றில் ஒரு பங்குதான் உணவாகிறது. மீதி, ஓலையின் நீரோடு ஆக்ஸிஜனை மாற்றிக்கொண்டு வெளியே வருகிறது. மேலிருந்து கொண்டுவந்த முத்திரை அங்கே கரைகிறது. அதையே திருப்பிப் போட்டால், எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதிலிருந்து உலகத்துச் செடிகொடிகள் எவ்வளவு காற்றை உள்ளிழுத்தன என்று மதிப்பிடலாம். பிடிக்கும்போதே ஈரத்தை உறிஞ்சி எடுத்துவிட வேண்டும் கண்ணு, குடுவையில் தங்கிய ஈரமும் ஓலை செய்கிற வேலையைச் செய்துவிடும் என்றேன். உடனே ஒரு பாட்டிலை எடுத்து வெயிலில் கவிழ்த்து வைத்தாள்.