மட்டக்களப்பில் கருவள டொக்டரைச் சனல் பண்ணிய அனுபவம்

மாதம் ஒரு சனிக்கிழமை கொழும்பிலிருந்து வந்து மட்டக்களப்பு நகரில் நோயாளர்களைப் பார்க்கும் கருவள நிபுணர் இவர். களுவாஞ்சிகுடி, ஆரையம்பதிப் பக்கம் என்னைப் போல வெட்கத்தில் நாளைக் கடத்துகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

எனக்கு 11 வயதில் இரத்தப் புற்றுநோய் வந்து கீமோவில் பிழைத்தேன். கல்யாணமாகி இரண்டு வருடம். பரிசோதித்தால் விந்தில் ஒரு விந்தணுகூட இல்லை. வேறொரு இடத்தில், ஸ்டெம் செல் (வேறு செல்களை உண்டாக்கும் மூலச் செல்) ஊசி போட்டால் மூன்று மாதத்தில் சரியாகும் என்று 6 இலட்சம் கேட்டார்கள். மனைவியின் நகையை அடகு வைக்கத் தயாராகிவிட்டோம்.

அந்த ஊசிக்காரர்களுடைய துண்டுப்பிரசுரத்தை டொக்டர் முழுக்க வாசித்துவிட்டு, “தம்பி, இதுக்குக் காசு கட்டாதீங்க” என்றார். அப்புறம் என் ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் படம் கீறி விளக்கினார். விதைக்குள் இருக்கும் ஸ்டெம் செல்தான் ஆயுள் முழுக்க விந்தணுவை உண்டாக்குகிறது. ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள் எடுக்கும். சில கீமோ மருந்துகள் அந்த வேரையே அழித்துவிடும். வயதுக்கு வந்தவர் என்றால் கீமோவுக்கு முன்பே விந்தை எடுத்து உறைய வைக்கலாம். சின்னப் பையனிடம் விந்தணு இருக்காது. அதனால் விதைத் திசுவில் சிறு துண்டை எடுத்து உறைய வைக்கிறார்கள். 1994இல் அமெரிக்காவில் பிரின்ஸ்டர் என்ற விஞ்ஞானி சுண்டெலியின் ஸ்டெம் செல்லை மலட்டுச் சுண்டெலிக்கு மாற்றி விந்தணு உண்டாக்கிக் காட்டினார். பிறகு குரங்கில் செய்ததை 2019இல் வெளியிட்டார்கள். குட்டியாக இருந்தபோது எடுத்து உறைய வைத்த திசுவை அதே குரங்கின் தோலுக்கடியில் ஒட்டி, அதில் கிடைத்த விந்தணுவால் கிரேடி என்ற பெண்குட்டி பிறந்தது. மனிதருக்கு இது இன்னும் ஆராய்ச்சி நிலையில்தான். எனக்கோ அன்று எதுவுமே எடுத்து வைக்கவில்லை.

மகனுக்குக் கீமோ தொடங்கப்போகும் பெற்றோர், முதல் மருந்து ஏறுமுன், விந்தையோ திசுவையோ உறைய வைக்க முடியுமா என்று டொக்டரிடம் கேளுங்கள். எங்கள் அம்மாவுக்கு அப்படிக் கேட்கலாம் என்றே தெரியாது.

குறையும் உண்டு. மூன்றரை மணித்தியாலம் காத்திருந்தோம். முன்மேசையில் இருந்தவர் பெயரோடு வருத்தத்தையும் சேர்த்துச் சத்தமாகக் கூப்பிட்டார். மனைவி தலை குனிந்துவிட்டாள். இதை அவர்கள் கட்டாயம் மாற்ற வேண்டும்.

அடுத்த மாதம் கொழும்பில் மைக்ரோ டீசே. விதையைத் திறந்து, எங்காவது விந்தணு மிஞ்சியிருக்கிறதா என்று நுண்ணோக்கியால் தேடும் சத்திரசிகிச்சை அது. கிடைக்கும் என்று டொக்டர் வாக்குக் கொடுக்கவில்லை. அதனால்தான் அவரை நம்புகிறேன்.

போகிறவர்கள் பழைய கீமோ விவர அட்டையை மறக்காமல் கொண்டு போங்கள். அவர் முதலில் கேட்டது அதைத்தான்.