தாமுவே அத்தை வீட்டுக் கிளியும் அந்த வயசான சயாவும்

ரங்கூன் போய்ட்டு வந்து ரெண்டு வாரம் ஆச்சு, மனசு இன்னும் அந்தக் கிளிகிட்டயே கிடக்கு. தாமுவேல அத்தை வீட்ல 11 வருசமா வளர்ற பச்சைக்கிளி, நான் போன மூணாம் நாள் காலைல தலை ஒருபக்கமா சாஞ்சு கூண்டுக்கு அடில கிடக்குது, தூக்கிக் கம்பில வச்சா கால் பிடிக்காம பொத்துனு விழுது. அத்தை வெளக்கமாத்தப் போட்டுட்டு அழ ஆரம்பிச்சுட்டாங்க.

மொதல்ல போன கிளினிக் முழுக்க நாயும் பூனையும், 2 மணி நேரம் காத்திருந்தோம். எடை பாக்கல, என்ன திங்குதுன்னு கேக்கல, கழுத்து திரும்பியிருக்கு அதனால வெள்ளைக்கழிச்சல்னு சொல்லி ஒரு ஆன்டிபயாடிக் ஊசி. அது வைரஸ் நோயாச்சே, வேற பறவை முகமே பாக்காத கிளிக்கு எப்படி வரும்னு கேட்டா "வேற கிளி வாங்கிக்கங்க"ன்னுட்டாரு. எனக்குக் கை நடுங்கிடுச்சு. சிங்கப்பூர்ல என் லவ்பேர்ட் தும்முனதுக்கே தராசுல வச்சு கிராம் கணக்கு எழுதுனாங்க!

அப்புறம் காளி கோயில் பக்கம் பூ விக்கிற அக்கா சொல்லி ஒரு வயசான சயாகிட்ட (பர்மால டாக்டர மரியாதையா இப்படித்தான் கூப்பிடுவாங்க) போனோம், கோழிப் பண்ணைகளுக்கு வைத்தியம் பாத்தவரு. கிளியத் தொடுறதுக்கு முந்தி "கூண்டு எங்கே?"ன்னு கேட்டாரு. திரும்ப டாக்சி பிடிச்சுக் கொண்டாந்தோம். மச்சான் புதுசா வாங்குன கூண்டு, கதவோரம் துத்தநாக முலாம் உரிஞ்சு அலகுத் தடமா இருக்கு. கிளிய நிறுத்தாரு, 118 கிராம். எக்ஸ்ரேக்கு வேற இடம், கரண்ட் போயி ஜெனரேட்டர் போட்டு எடுத்தாங்க, அரைப்பைல, அதாவது தீனி அரைபடுற வயித்துல, ரெண்டு வெள்ளைப் புள்ளி, கிளி முழுங்குன உலோகத் துண்டு. ஈயமா துத்தநாகமான்னு ரத்தம் பாத்தாதான் தெரியும், ரெண்டுக்கும் உலோக விஷத்த வெளியேத்துற இடிடிஏ ஊசிதான்னு சொல்லி நெஞ்சுச் சதைல காலைல சாயங்காலம் 5 நாள் போட்டாரு. கம்பி வேணாம், விழுந்து அடிபடும், அட்டைப்பெட்டில துண்டு விரிச்சு தீனியத் தட்டுல வைங்கன்னாரு, ராத்திரி கரண்ட் இல்லாதப்ப அத்தை சுடுதண்ணி பாட்டில்ல துணி சுத்திப் பக்கத்துல வச்சுட்டே உக்காந்திருந்தாங்க.

நாலாம் நாள் நின்னுச்சு.

நேத்து வீடியோ கால்ல பாத்தேன், தலை இன்னும் லேசா சாஞ்சுதான் இருக்கு, ஆனா அத்தை தோள்ல ஏறி உக்காந்திருக்கு. எவர்சில்வர் கூண்டு வாங்கி வச்சிருக்கேன், அடுத்த மாசம் போற பையன்கிட்ட குடுத்து விடணும்.